பங்குச் சந்தையும் தொலைக்காட்சியும்



2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4ஆம் நாள். நாட்டின் பொதுத்தேர்தல் வாக்குகள் எண்ணப்பட்ட நாள் அது. பிற்பகலில் எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தேன். கடைக்காரர் உயரத்தில் மாட்டி வைத்திருந்த தொலைக்காட்சிப் பெட்டியில் ஒரு பக்கம் கட்சிகள் பெற்ற இடங்களும், கீழே சிவந்த பட்டையில் பங்குகளின் விலைகளும் ஓடிக்கொண்டிருந்தன. சென்செக்ஸ் 4,390 புள்ளிகள் சரிந்துவிட்டது என்றும், முதலீட்டாளர்களின் 31 இலட்சம் கோடி ரூபாய் ஒரே நாளில் அழிந்துவிட்டது என்றும் செய்தி வாசிப்பவர் உரத்த குரலில் அறிவித்தார். என் அருகில் அமர்ந்திருந்த கொத்தனார் ஒருவர் என் பக்கம் திரும்பி, "அவ்வளவு பணமும் இப்போ யார்கிட்டப் போயிருக்கும், ஐயா?" என்று கேட்டார்.

மிக நல்ல வினா. வகுப்பறையில் ஒரு மாணவன் இவ்வாறு கேட்டிருந்தால் அன்றைய பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இதற்கே விடை சொல்லியிருப்பேன். தேநீர்க் கடையில் அதற்கு நேரமில்லை. அவர் கரண்டியையும் தூக்குக் குண்டையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டுவிட்டார். அவருக்குச் சொல்லாமற்போன விடையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதனோடு, அந்த வினாவை எழுப்பிவிட்டு விடை கூறாமற் சென்ற தொலைக்காட்சிச் செய்தியைப் பற்றியும் சிறிது பேச வேண்டும். நான் பொருளாதாரம் கற்றவன் அல்லன். முப்பத்து மூன்று ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். ஆகவே நான் காணும் குறைகளும் பெரும்பாலும் கணக்கு ஆசிரியன் கண்ணுக்குப் படும் குறைகளே.

சென்செக்ஸ் என்பது யாது? மும்பைப் பங்குச் சந்தை 1875ஆம் ஆண்டில் தோன்றியது. அதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பங்குகள் பதிவாகியுள்ளன. அவற்றுள் முப்பது பெரிய நிறுவனங்களின் பங்கு விலைகளைத் தொகுத்துக் கணக்கிடும் குறியீட்டெண்ணுக்கே சென்செக்ஸ் என்று பெயர். 1978-79ஆம் ஆண்டின் நிலையை 100 என்று வைத்துக்கொண்டு, 1986ஆம் ஆண்டு முதல் இதனை வெளியிட்டு வருகின்றனர். தேசியப் பங்குச் சந்தையின் நிஃப்டி என்னும் குறியீட்டெண் ஐம்பது நிறுவனங்களைக் கொண்டது. இம்மட்டில் அறிந்துகொண்டால் இன்றைய பேச்சுக்குப் போதும்.

குறியீட்டெண் 100ஆக இருந்த நாளில் ஒரு புள்ளி என்பது ஒரு விழுக்காடு. அதே எண் 75,000ஆக உயர்ந்துவிட்டால் ஒரு விழுக்காடு என்பது 750 புள்ளிகள். எட்டாம் வகுப்புக் கணக்குத்தான்! ஆயினும் இந்தச் சிறு கணக்கை மறந்துவிட்டால் எத்துணைப் பெரிய பிழை நேரும் என்று பாருங்கள். 1992ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், பங்கு ஊழல் வெளிப்பட்ட அந்த வாரத்தில், சென்செக்ஸ் 570 புள்ளிகள் இறங்கிற்று. இன்று 570 புள்ளிகள் இறங்கினால் அஃது ஒரு விழுக்காடுகூட ஆகாது. அன்றோ அது 12.77 விழுக்காடு. 2020ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், பெருந்தொற்றின் தொடக்கத்தில், 3,935 புள்ளிகள் இறங்கிற்று, அது 13.15 விழுக்காடு. நம் தேநீர்க் கடை நாளில் இறங்கியது 4,390 புள்ளிகள், விழுக்காட்டில் 5.74. புள்ளியை மட்டும் பார்ப்பவனுக்கு இம்மூன்றனுள் கடைசி நாளே மிகக் கொடியது. விழுக்காட்டைப் பார்ப்பவனுக்கு அது மற்ற இரண்டில் பாதிக்கும் குறைவு.

இப்பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. 1987ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் குறியீட்டெண் 508 புள்ளிகள் விழுந்தது. அது 22.6 விழுக்காடு, ஒரே நாளில் நூற்றுக்கு இருபத்திரண்டுக்கு மேல் போயிற்று. 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் அதே குறியீட்டெண் 1,175 புள்ளிகள் விழுந்தது. அன்றுவரை வரலாறு காணாத புள்ளி வீழ்ச்சி என்று உலகெங்கும் முழங்கினார்கள். பொய்யன்று, சொல்லுக்குச் சொல் உண்மை. ஆனால் அது 4.6 விழுக்காடுதான். எண் வளர வளரப் புள்ளிகளும் பெருகும். ஆதலால் 'வரலாறு காணாத' வீழ்ச்சிகளும், 'வரலாறு காணாத' ஏற்றங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துகொண்டேயிருக்கும்.

புள்ளிக்கு அடுத்தது வரைபடம். வரைபடத்தாளில் செங்குத்து அச்சைச் சுழியிலிருந்து தொடங்காவிட்டால், அச்சின் அடியில் ஒரு நெளிகோடு இட வேண்டும் என்று உங்களுக்குக் கற்பித்திருப்பார்கள். அந்த நெளிகோட்டை மறந்த மாணவர்களுக்கு நான் அரை மதிப்பெண் குறைத்ததுண்டு. அதற்காக என்னைச் சபித்தவர்களும் உண்டு. தொலைக்காட்சியில் அன்று கண்ட வரைபடம் எழுபதாயிரத்துச் சொச்சத்தில் தொடங்கிற்று. நெளிகோடு இல்லை, அச்சிலிருந்த எண்களோ கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. கோடு மலையுச்சியிலிருந்து பாதாளத்தில் விழுவதுபோல் இருந்தது. வீட்டிற்கு வந்து நான் ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். ஐயாயிரம் புள்ளிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று சுழியிலிருந்து வரைந்தால், முந்திய நாளின் உயரம் 15.3 சென்டிமீட்டர், அன்றைய முடிவின் உயரம் 14.4 சென்டிமீட்டர். ஒன்பது மில்லிமீட்டர் வேறுபாடு. சுழியிலிருந்து தொடங்காத வரைபடமெல்லாம் தவறு என்று சொல்ல மாட்டேன். மருத்துவமனையில் காய்ச்சலைக் குறிக்கும் அட்டை சுழியிலிருந்தா தொடங்குகிறது? நுண்ணிய வேறுபாட்டைக் காட்ட அது வேண்டும். ஆனால் தாதிக்கு அந்த அட்டையைப் படிக்கத் தெரியும். தேநீர்க் கடையில் அமர்ந்திருப்பவருக்கு அதனைச் சொல்லித்தர வேண்டிய கடமை, காட்டுபவருக்கு உண்டு அல்லவா?

இனிக் கொத்தனாரின் வினாவுக்கு வருவோம். ஒரு தெருவில் நூறு மனைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சென்ற மாதம் அவற்றுள் ஒரு மனை பத்து இலட்சம் ரூபாய்க்கு விலைபோயிற்று. உடனே ஒருவர், இத்தெருவின் மதிப்புப் பத்துக் கோடி என்று கணக்கிடுகிறார். இம்மாதம், மகள் திருமணத்துக்குப் பணம் வேண்டிய ஒருவர் தம் மனையை ஒன்பது இலட்சத்து நாற்பதாயிரத்துக்கு விற்றார். அதே கணக்கின்படி தெருவின் மதிப்பு ஒன்பது கோடியே நாற்பது இலட்சம். "இத்தெருவாசிகளின் அறுபது இலட்சம் அழிந்தது" என்று தண்டோராப் போடலாம். ஆனால் மற்றத் தொண்ணூற்றொன்பது பேரும் தத்தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள், விற்கவுமில்லை, வாங்கவுமில்லை. அறுபது இலட்சம் எவர் கைக்கும் போகவில்லை. கடைசியாக நடந்த சிறு விற்பனையின் விலையை எல்லாப் பங்குகளோடும் பெருக்கிக் கிடைக்கும் தொகையே சந்தை மதிப்பு. ஜூன் 3ஆம் நாள் அது ஏறத்தாழ 426 இலட்சம் கோடி. 4ஆம் நாள் ஏறத்தாழ 395 இலட்சம் கோடி. இவ்விரண்டின் வேறுபாடே அந்த 31 இலட்சம் கோடி.

அப்படியாயின் வீழ்ச்சி வெறுங்கனவா எனில், அதுவுமன்று. அன்றைக்கே விற்றாக வேண்டிய நெருக்கடியில் இருந்தவர்களும், கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்களும் மெய்யாகவே இழந்தார்கள். அவர்கள் விற்ற விலையில் வாங்கியவர்களுக்கு அது நற்பேறு. இந்த வேறுபாட்டைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை அன்று முழுவதும் எவரும் செலவிட்டதாக நான் காணவில்லை. மூன்று நாள் கழித்து, ஜூன் 7ஆம் நாள், சென்செக்ஸ் 76,693 என்ற புதிய உயரத்தில் முடிவுற்றது. அழிந்ததாகச் சொல்லப்பட்ட பணம் எங்கிருந்து திரும்பி வந்தது என்றும் எவரும் விளக்கவில்லை.

அடுத்து, 'ஏன்' என்னும் வினா. பங்குச் சந்தைச் செய்தியில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது இதுவே. நாள்தோறும் மாலை மூன்றரை மணிக்கு வணிகம் முடிகிறது. மூன்று மணி முப்பத்தைந்து நிமிடத்துக்குள் காரணம் கிடைத்துவிடுகிறது! அமெரிக்க வட்டி விகிதம், கச்சா எண்ணெய், பருவமழை, அயல்நாட்டார் விற்பனை ஆகியவற்றில் ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். கச்சா எண்ணெய் விலை இறங்கிய நாளில் சந்தை உயர்ந்தால், எண்ணெயை இறக்குமதி செய்யும் நம் நாட்டுக்குச் செலவு குறையும் என்பதால் உயர்ந்தது என்பார்கள். அதே எண்ணெய் விலை இறங்கிய மற்றொரு நாளில் சந்தையும் இறங்கினால், உலகத் தொழில்கள் தளர்கின்றன என்ற அச்சத்தால் இறங்கியது என்பார்கள். இரண்டும் பொருந்தக்கூடியவையே. ஆனால் எது நடந்தாலும் பொருந்துகிற காரணத்தைக் கொண்டு, எது நடக்கும் என்று முன்கூட்டி அறிய இயலாது. அறிவியல் ஆய்வுக்கூடத்தில் இத்தகைய காரணத்தை உங்கள் ஆசிரியர் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

'விற்றவர்கள் மிகுதி, ஆதலால் விலை இறங்கியது' என்று ஒரு காரணம் அடிக்கடி சொல்லப்படும். விற்கப்பட்ட ஒவ்வொரு பங்கையும் ஒருவர் வாங்கியிருக்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆயிரம் பங்கு விற்றது எனில் ஆயிரம் பங்கு வாங்கவும்பட்டது. விற்கும் ஆவல் வாங்கும் ஆவலைவிட மிகுந்தது என்று சொன்னால் பொருளுண்டு. ஆயின் அது விலை இறங்கியது என்பதையே வேறு சொற்களாற் சொல்வதாகும், காரணம் ஆகாது.

1989ஆம் ஆண்டில் கட்லர், பொட்டர்பா, சம்மர்ஸ் என்னும் அமெரிக்கப் பொருளறிஞர் மூவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். பல பத்தாண்டுகளில் அமெரிக்கச் சந்தை மிகப் பெரிய அளவில் ஏறியும் இறங்கியும் இருந்த ஐம்பது நாட்களை எடுத்துக்கொண்டு, அந்நாட்களில் செய்தித்தாள்கள் என்ன காரணம் கூறின என்று ஒப்பிட்டுப் பார்த்தனர். அத்துணைப் பெரிய அசைவுக்கு ஈடான புதிய செய்தி எதுவும் இல்லாத நாட்கள் பல இருந்தன. பெரிய அசைவுகளின் நிலையே இதுவென்றால், நாள்தோறும் நிகழும் கால் விழுக்காடு, அரை விழுக்காட்டு அசைவுகளுக்குக் காரணம் கற்பிப்பதைப் பற்றி என்ன சொல்வது? 'இன்று சந்தை சிறிது இறங்கிற்று. குறிப்பிடத்தக்க காரணம் எதுவும் புலப்படவில்லை' என்று ஒரு நாளேனும் ஒருவர் சொல்லக் கேட்க ஆசைப்படுகிறேன்.

இவ்வளவு தெளிவாகப் பேசுகிறானே, இவன் மட்டும் தப்பித்திருப்பான் என்று எண்ணாதீர்கள். நான் 2018ஆம் ஆண்டு பணி ஓய்வு பெற்றேன். கிடைத்த பணிக்கொடையில் ஐந்து இலட்சம் ரூபாயைப் பங்குகளில் முதலிடும் பரஸ்பர நிதி ஒன்றில் போட்டேன். பத்தாண்டுகளுக்குத் தொடத் தேவையில்லாத பணம் அது. ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது நிறைய. தொலைக்காட்சியும் அருகிலேயே இருந்தது. 2020 மார்ச்சில் வெளியே செல்லவும் வழியில்லை. காலை ஒன்பது மணிக்கு அதன்முன் அமர்ந்தால் மாலைவரை எழுந்திருக்க மாட்டேன். மார்ச் 23ஆம் நாள் காலை வணிகம் தொடங்கிச் சிறிது நேரத்துக்குள் குறியீட்டெண் பத்து விழுக்காடு இறங்கிற்று. விதிப்படி சந்தையை நாற்பத்தைந்து நிமிடம் நிறுத்திவைத்தார்கள். அமைதியாகச் சிந்திக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட விதி அது. அந்த நாற்பத்தைந்து நிமிடமும் விலை என்று ஒன்று இல்லை. ஆனால் தொலைக்காட்சியில் பேச்சு மட்டும் நிற்கவில்லை. ஒருவர் இன்னும் பாதி போகும் என்றார். மற்றொருவர் அதற்கும் கீழே ஓர் எண்ணைச் சொன்னார்.

அன்று மாலை என் முகவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் என்னிடம் படித்தவர். "ஐயா, தங்களுக்கு இப்பொழுது இந்தப் பணம் தேவையா?" என்று கேட்டார். தேவையில்லை என்றேன். "அப்படியானால் கொஞ்சம் பொறுங்களேன், ஐயா" என்றார். நான் அவரைக் கடிந்துகொண்டு, உடனே விற்றுவிடச் சொன்னேன். மூன்று இலட்சத்து அறுபதாயிரம் ரூபாய் வந்தது. என் மனைவியிடம் பல நாள் சொல்லவில்லை. அன்று 25,981இல் முடிந்த சென்செக்ஸ் அவ்வாண்டு இறுதியில் 47,000ஐத் தாண்டி நின்றது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். சந்தை மீளாமல் மேலும் சரிந்திருந்தால், நான் புத்திசாலி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன். அதுவும் பிழையே ஆகியிருக்கும். விடை சரியாக வந்ததா என்பது ஒன்று. வழி சரியா என்பது வேறு. கணக்குத் தேர்வில் வழிமுறைக்குத் தனி மதிப்பெண் இடுவது அதனால்தான். எனக்கு அப்பணம் எப்பொழுது தேவை, அந்த நிதியில் எந்தெந்த நிறுவனங்களின் பங்குகள் உள்ளன, அவை பல ஆண்டுகளாக என்ன ஈட்டியுள்ளன என்ற கேள்விகளில் ஒன்றைக்கூட நான் அன்று கேட்டுக்கொள்ளவில்லை. நாள் முழுவதும் பார்த்த திரையிலும் அக்கேள்விகள் எழவில்லை. என் மாணவர் ஒரே ஒரு வினாவில் அதைத் தொட்டார். நானோ காதில் வாங்கவில்லை.

அதன் பிறகு ஒரு கோடிட்ட குறிப்பேட்டை வாங்கினேன். ஒரு மாத காலம் தொலைக்காட்சியில் வல்லுநர்கள் கூறிய முன்னறிவிப்புகளை நாளிட்டு எழுதிவந்தேன். மாத முடிவில் சிவப்பு மையுடன் திருத்த உட்கார்ந்தபோதுதான் ஓர் உண்மை புலனாயிற்று. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குச் சரியென்றோ தவறென்றோ குறியிடவே இயலவில்லை. 'இன்ன எண்ணுக்கு மேல் நிலைத்தால் ஏற்றம் தொடரும். இன்ன எண்ணுக்குக் கீழ் இறங்கினால் சரிவு வரும்' என்பது ஒரு வகை. இஃது எந்நாளும் தவறாகாது. 'நீண்ட கால நோக்கில் நல்ல பங்கு' என்பது மற்றொரு வகை. எத்தனை ஆண்டு நீண்ட காலம்? சொல்லவில்லை. 'எச்சரிக்கையோடு கூடிய நம்பிக்கை' என்று ஒருவர் கூறியதை எழுதிவைத்து, எதிரே ஒரு வினாக்குறி மட்டும் இட்டிருக்கிறேன். திருத்தக்கூடியவையாக எஞ்சியவை சிலவே. அவற்றுள் தவறிப்போனவற்றைச் சொன்னவர்களும் மறுவாரம் அதே நாற்காலியில் அமர்ந்திருந்தார்கள். சென்ற வாரம் தாங்கள் கூறியது என்னவாயிற்று என்று அவர்களை எவரும் கேட்கவில்லை.

கேட்கப்பட்ட ஓர் அரிய நிகழ்ச்சியும் உண்டு. 2008ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், அமெரிக்காவில் சி.என்.பி.சி. தொலைக்காட்சியின் புகழ்பெற்ற உரையாளர் ஜிம் கிராமரிடம் ஒரு நேயர், பேர் ஸ்டெர்ன்ஸ் என்னும் நிதி நிறுவனத்திலிருந்து பணத்தை எடுத்துவிடலாமா என்று வினவினார். வேண்டாம், நிறுவனம் நன்றாகவே இருக்கிறது என்று கிராமர் உரத்த குரலில் விடையளித்தார். அப்பொழுது அதன் பங்கு 60 டாலருக்கு மேல் விற்றது. ஐந்து நாளில் அந்நிறுவனம் நிலைகுலைந்து, பங்கு ஒன்றுக்கு 2 டாலர் என்ற விலையில் மற்றொரு வங்கிக்குக் கைமாற உடன்பட்டது. பின்னர் அவ்விலை 10 டாலராக உயர்த்தப்பட்டது. நேயர் கேட்டது அங்கே வைத்திருந்த கணக்கைப் பற்றி; பங்கை வைத்திருக்கலாமா என்பதைப் பற்றியன்று என்று கிராமர் பின்னர் விளக்கினார். கணக்கு வைத்திருந்தோர் பணம் போகவில்லை என்பதும் உண்மையே. அவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் ஒரு வினாவுக்கு இருவேறு பொருள் இருக்கும்போது, எந்தப் பொருளில் விடை கூறுகிறோம் என்று முதலில் தெளிவுறுத்த வேண்டாமா? அதற்குச் சில விநாடி நிதானம் வேண்டும். அந்நிகழ்ச்சியின் வேகத்தில் அதற்கு இடமில்லை.

இவ்வேகம் யாருக்குப் பயன்படுகிறது? நிகழ்ச்சிகளின் இடையில் வரும் விளம்பரங்களை ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். பங்குத் தரகு நிறுவனங்களின் விளம்பரங்கள் பல வரும். நீங்கள் வாங்கினாலும் தரகு உண்டு. விற்றாலும் தரகு உண்டு. பேசாமல் இருந்தால் மட்டும் இல்லை. பேசாமல் இருப்பவன் தொலைக்காட்சிக்கும் நல்ல நேயன் அல்லன். அமெரிக்காவில் பார்பர், ஓடியன் என்னும் இருவர் 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் பங்குக் கணக்குகளை ஆராய்ந்தனர். அந்த ஆண்டுகளில் சந்தை ஆண்டுக்கு 17.9 விழுக்காடு ஈட்டிற்று; மிக அடிக்கடி வாங்கி விற்ற குடும்பங்களோ 11.4 விழுக்காடே ஈட்டின.

இதனினும் வருந்தத்தக்க செய்திகளும் வந்தன. 2024 பிப்ரவரியில், பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி என்னும் வாரியம் ஓர் இடைக்கால ஆணை பிறப்பித்தது. வணிகச் செய்தித் தொலைக்காட்சி ஒன்றில் வல்லுநர்களாகத் தோன்றிய சிலர், தாம் பரிந்துரைக்கப்போகும் பங்குகளின் பெயர்களை முன்கூட்டியே வேறு சிலருக்குத் தெரிவித்தனர் என்பது குற்றச்சாட்டு. அவர்கள் நிகழ்ச்சிக்குமுன் வாங்கிவைத்து, பரிந்துரையைக் கேட்டு நேயர்கள் வாங்க முற்பட்டபோது விற்று இலாபம் கண்டனர் என்று வாரியம் கூறிற்று. ஏழு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை முடக்கிவைக்கவும் ஆணையிட்டது. எல்லா வல்லுநரும் இத்தகையோர் என்று சொல்வது அநியாயம். ஆனால் வீட்டிலிருந்து பார்ப்பவனுக்கு இவரையும் அவரையும் வேறு பிரித்தறிய வழியில்லை.

உங்கள் வயதினரைப் பற்றிய கவலையே என்னை இன்று பேசவைத்தது. பங்குகளின் வருங்கால விலையை வைத்து நடைபெறும் முன்பேர ஒப்பந்த வணிகத்தைக் குறித்து, 2024 செப்டம்பரில் அதே வாரியம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்றாண்டுகளில் அவ்வணிகத்தில் ஈடுபட்ட தனிமனிதர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களுள் 93 விழுக்காட்டினர் இழந்தனர். மொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். மேலே நாம் கண்ட சந்தை மதிப்புக் கணக்குப் போன்றதன்று இது. கையை விட்டுப் போன மெய்யான பணம். ஈடுபட்டவருள் முப்பது வயதுக்குட்பட்டோரின் பங்கு ஒரே ஆண்டில் 31 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. இதற்கெல்லாம் தொலைக்காட்சியே காரணம் என்று நான் கூறேன். அப்படிக் கூறினால், நாள்தோறும் ஒரு காரணம் சொல்பவர்களோடு நானும் சேர்ந்துவிடுவேன். கைபேசியும், எளிதாகிவிட்ட கணக்குத் திறப்பும், இன்னும் பலவும் உண்டு. ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் விலை மாறும் திரையையும், அதற்கு உடனுக்குடன் காரணம் கூறும் குரலையும் ஓர் இளைஞன் தொடர்ந்து கண்டுவந்தால், அடுத்த நிமிடத்தையும் அறிந்துகொள்ள முடியும் என்று அவன் நம்பத் தொடங்குவது இயல்புதானே?

காலை ஒன்பதேகால் முதல் மாலை மூன்றரை வரை ஆறேகால் மணி நேரம். அதாவது 375 நிமிடங்கள். அத்தனை நிமிடமும் சொல்வதற்கு எந்தச் சந்தையிலும் செய்தி இருக்காது. இந்தக் குறைகளுள் பல எவருடைய தீய எண்ணத்தாலும் விளைந்தவை அல்ல. நிரப்பியாக வேண்டிய நேரத்தால் விளைந்தவை. 1992ஆம் ஆண்டின் பங்கு ஊழலை வெளிக்கொணர்ந்தது திரையில் ஓடும் விலைப்பட்டியல் அன்று. ஏப்ரல் 23ஆம் நாள் சுசேதா தலால் என்ற பத்திரிகையாளர் டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழில் எழுதிய செய்தி அது. விலை ஏறிக்கொண்டிருந்த நாட்களில், ஏற்றத்துக்கான பணம் வங்கியிலிருந்து எப்படி வந்தது என்று அவர் தேடினார். தொலைக்காட்சியிலும் நிறுவனங்களின் காலாண்டுக் கணக்குகளைப் பொறுமையாக விளக்குவோர் சிலர் உளர். பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைப்பது விளம்பரம் குறைந்த நேரம்.

வானொலியின் மீதுள்ள பற்றினால் இதைச் சொல்கிறேன் என்று கொள்ள வேண்டா. என் இளமையில் வேளாண் ஒலிபரப்பில் சந்தை விலை வாசிப்பார்கள். இன்ன ஊரில் இன்ன பொருள், குவிண்டால் இவ்வளவு, அவ்வளவுதான். ஏன் ஏறிற்று, நாளை என்னாகும் என்று ஒரு சொல் வராது. என் தந்தையார் அதைக் கேட்டுவிட்டு, நிலக்கடலையை இந்த வாரம் வண்டியேற்றுவதா, அடுத்த வாரம் ஏற்றுவதா என்று தாமே எண்ணிக்கொண்டிருப்பார்.

உங்களுக்கு விருப்பமிருந்தால், அக்குறிப்பேட்டு முயற்சியை நீங்களும் ஒரு மாதம் செய்து பாருங்கள். இடப்பக்கம் நாளும், அன்று சொல்லப்பட்ட காரணமும், முன்னறிவிப்பும். புள்ளிகளை விழுக்காடாக மாற்றி எழுதுங்கள். வலப்பக்கத்தை வெறுமையாக விட்டுவையுங்கள். மாதம் முடியும்வரை அதில் எதுவும் எழுத வேண்டா. அக்கொத்தனாரை நான் சென்ற தைமாதம் மீண்டும் கண்டேன். எங்கள் வீட்டு மதிற்சுவரைப் பூச வந்திருந்தார். நூறு மனைக் கணக்கைச் சொன்னேன். சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நம்ம தெருவுலயும் போன மாசம் ஒருத்தர் மனையைக் குறைச்சு வித்தாருங்க, ஐயா" என்றார்.